தமுக்கு வண்டி

காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு மோட்டார் சைக்கிள் வாங்குனவனை நீங்க எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். பேரு தனிஸ்லாஸ். என் சிநேகிதன்தான், வேற யாரு!

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம். ரெண்டு பேருக்கும் மதுரையில ஒரே பஸ் கம்பெனியில வேலை. நான் ஆபீஸ்ல குமாஸ்தா. அவனுக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் புதுசாக் கிடைச்சிருந்துச்சு. உசிலம்பட்டி ரோட்டுல பஸ்ஸை மறிச்சு, டிக்கெட் கொடுக்காமக் காசை அமுக்குற கண்டக்டர்களைப் பிடிக்கணும். பஸ்ஸைச் சைக்கிள்ல விரட்ட முடியுமா? அதான் மோட்டார் சைக்கிள்.

மேலவெளி வீதியில மருதண்ணன் கடை. பழைய வண்டிகளை வாங்கி விக்கிறவரு. இவனுக்குன்னே ஒரு பச்சை வண்டியைத் துடைச்சு வச்சிருந்தாரு.

"தம்பி, இது உங்களுக்குன்னே செஞ்ச வண்டி. பூனை மாதிரி வரும். பக்கத்துல போய் நிக்கிற வரைக்கும் கண்டக்டருக்குத் தெரியாது."

பய அதைத் தொட்டுக்கூடப் பாக்கலை. சட்டைப்பையில இருந்து பஞ்சை எடுத்து ரெண்டு காதுலயும் திணிச்சான். அதுக்கு மேல கையையும் வச்சுப் பொத்திக்கிட்டான்.

"மாப்ள, நான் அந்த வேப்பமரத்துக்கிட்டப் போய்த் திரும்பி நிக்கிறேன். ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. எது கேக்குதோ அதை வாங்குவோம்."

மருதண்ணன் என்னைப் பார்த்தாரு. "பையனுக்கு மண்டையில ஏதும்...?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான்ணே இருந்தான்."

பச்சை வண்டிக்கு அவன் அசையலை. அடுத்த வண்டிக்கும் அசையலை. மூலையில கிடந்த ஒரு கறுப்பு வண்டியை மருதண்ணன் வேண்டா வெறுப்பா உதைச்சாரு. அம்மாடி! கூரை ஓடெல்லாம் அதிர்ந்துச்சு. ரோட்டுல நின்ன ஜட்காக் குதிரை முன்னங்காலைத் தூக்கிருச்சு.

மரத்தடியில இருந்து ஓடி வந்தான். "இதான்! இதான்!"

"தம்பி, சைலன்சர் ஓட்டை. அடைச்சுத் தாரேன்."

"அதுல கையை வச்சீங்கன்னா வண்டியே வேணாம்ணே."

இளவட்டம், ஊரே திரும்பிப் பாக்கணும்னு ஆசை. அப்படித்தான் நான் நினைச்சேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தச் சத்தத்துக்குக் கண்டக்டருங்க உஷாராயிருவாங்கடா, வேணாம்டான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கலை.

பயந்த மாதிரியே ஆச்சு. இவன் நாகமலையைத் தாண்டும்போதே செக்கானூரணியில கண்டக்டர் காளைக்குக் கேட்டுரும்னா பாத்துக்கங்க. எல்லாருக்கும் டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு, வெத்திலையை மென்னுக்கிட்டே, "வாங்க இன்ஸ்பெக்டரய்யா, வாங்க"ன்னு சிரிப்பான்.

மேனேஜர் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு.

"திருடனைப் பிடிக்கப் போறவன் தமுக்கடிச்சுக்கிட்டா போவான்? திங்கக்கிழமை அந்தச் சைலன்சர் அடைச்சிருக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் உசிலம்பட்டியில இருந்து அந்த வண்டியிலதான் வந்தோம். காளவாசல் வந்ததும் பெட்ரோல் தீந்துபோச்சு. அவன் வீடு அரசரடியில. தள்ளுனோம்.

"இந்தத் தமுக்கு வேணாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்ல? வேலை போகப் போகுது. ஓட்டையை அடைச்சுத் தொலையேன்டா!"

"அடைக்க முடியாது மாப்ள."

"ஏன்? ஊரு உன்னைத் திரும்பிப் பாக்காதோ?"

எதுத்தாப்புல வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி வழி விட்டான். அப்புறம் சொன்னான்.

"அம்மாவுக்குக் காது மந்தமாயிருச்சுடா. முந்தியெல்லாம் என் சைக்கிள் மணி கேட்டாப் போதும், சோத்தைப் போட்டு வச்சிரும். இப்ப அது கேக்குறதில்ல. நான் வர்றது தெரியணுமேன்னு விளக்கு வச்சதுல இருந்து வாசல்லயே நிக்கும். காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. உள்ள உக்காரும்மான்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சிப் பாத்துட்டேன், ம்ஹூம்! அதான் பஞ்சை வச்சுப் பாத்தேன், எந்த வண்டி அம்மா காதுக்கு எட்டும்னு. இது வந்தப்புறம்தான் கட்டில்ல உக்காருது. சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வருது. அதுவே சொல்லுச்சு."

பாவிப் பயலே, இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன! தமுக்குன்னு சொன்ன வாயை மூடிக்கிட்டு, பின்னாடி இருந்து நல்லா முட்டுக் கொடுத்தேன்.

"வெரசாத் தள்ளு மாப்ள. இன்னைக்குச் சத்தமே வராதுல்ல? இன்னும் காணோமேன்னு உள்ள உக்காந்து தவிச்சுப் போயிரும்."

அவன் வீட்டுச் சந்து ரொம்பக் குறுகல். எப்பவுமே முனையில வண்டியை அமத்திட்டு, உள்ள தள்ளிக்கிட்டுத்தான் போவான். இன்னைக்கு அமத்துறதுக்கு ஒண்ணுமில்ல. எங்க செருப்புச் சத்தம் மட்டும்தான்.

வாசல்ல, நிலையைப் பிடிச்சுக்கிட்டு அவன் அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஒரு கால் வலிச்சா மறுகாலை ஊணிக்கிட்டு.

எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா ராசா! உன் வண்டிச் சத்தம் சந்துமுனையிலயே கணீர்னு கேட்டுச்சுய்யா. இப்பத்தான் கட்டிலை விட்டு எந்திரிச்சு வாரேன்."