காப்பியடித்த கட்டுரை

"காப்பியடிச்சேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. வார்னிங்கோட விட்டுடறேன்" என்றார் ஹெச்.ஆர். அதிகாரி சக்திகுமார்.

"அடிக்கல சார். போட மாட்டேன்" என்றாள் ஷாலின்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை. மூன்று வருடமாக அவள் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. பணி நிரந்தரம் பெறப்போகிறவர்களின் பட்டியலில் இந்தத் தடவை அவள் பெயரும் இருந்தது. திங்கட்கிழமை ஒட்டுவார்கள். அதற்குள் இந்த வம்பு. ஆண்டு விழாக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு, 'காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால் எங்கே போவீர்கள்?'

"எல்லாரும் தஞ்சாவூர்ல கோயில் கட்டறதைப் பாக்கப் போயிருக்காங்க. ஒருத்தன் டைனோசர் பாக்கப் போயிருக்கான். நீ மட்டும் மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் முதல்முதலா எடம் வாங்கின நாளுக்குப் போயிருக்க. ஏன்?"

"கோட்டை கட்டினப்புறம் நடந்ததைத்தான் எல்லாரும் சொல்றாங்க. கட்டறதுக்கு முன்னாடி வந்து எப்படிக் கேட்டாங்கன்னு பாக்கணும் சார்."

"பாத்து? கோட்டையை நிறுத்திடுவியா?"

"துபாஷி கையைப் புடிச்சு இழுப்பேன். அவ்ளோதான்."

சக்திகுமார் கட்டுரையைப் புரட்டினார். "இதைக் கேளு. 'துரைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். துபாஷி மோரைக் குடித்துவிட்டுத் துண்டால் மீசையைத் துடைத்தான். அந்த மானங்கெட்டவன் ஊர்க்காரர் ஒவ்வொருவர் கட்டைவிரலையும் தானே பிடித்து மையில் அழுத்தினான்.' துபாஷின்னா மொழிபெயர்க்கிறவன்தானே?"

"ஆமா சார். அவங்க பேசறதை ஊர்க்காரங்களுக்குச் சொல்றவன். உங்க புள்ளைங்களுக்கெல்லாம் வேலைன்னு சொன்னவன்."

"மீசையைத் துடைச்சான், விரலை அழுத்தினான்! இதெல்லாம் நேர்ல பாத்தவன்தான் எழுத முடியும். எந்தக் காலத்து டைரியிலேர்ந்து சுட்ட?"

"இன்னா சார், டைனோசர் பாத்தவனைக் கூப்பிட்டு எந்த டைரின்னு கேட்டீங்களா?"

"வாயைக் குறை. அவன் எழுதினதைப் படிச்சாலே கதை விடறான்னு தெரியுது. நீ எழுதினது அப்படி இல்ல. வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். மூணு வருஷமா நின்னுக்கினே வேலை செஞ்சு காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வேணாம்னா சொல்வேன்? அதுக்காகத் திருடாததைத் திருடினேன்னு எழுதித் தரணுமா?"

அவர் பட்டியலை இழுத்தார். அவள் பெயர்மேல் பேனாவை வைத்தார்.

"கடைசியா கேக்கறேன். இதை யார் பாத்தது?"

ஷாலின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கோடு போட்டுக்கோங்க. நான்தான் சார் பாத்தேன், எட்டு வயசுல. நீங்க ஒக்காந்திருக்கிற எடம் அப்போ நெல்வயல், கம்பெனிக்காரங்க வாங்க வந்தாங்க. வருஷத்தையும் ஊரையும் மட்டும்தான் மாத்தி எழுதினேன். அந்தத் துபாஷி எங்க அப்பா."