தோர்கிலின் ஈர விரல்

வெள்ளிக்கிழமை காலை தோர்கில் ஆள்காட்டி விரலை நக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். இடமும் வலமும் திருப்பினார். உள்ளே இழுத்து மோந்து வேறு பார்த்தார்.

“பத்து நாப்பது. அதுக்கு முன்னாடி காத்தாடி அசையாது.”

யெப்பே வாய்விட்டுச் சிரித்தான். எங்கள் ரஸ்க் தொழிற்சாலை மின்சாரத்தைப் புத்தியோடு செலவழிக்க வேண்டும் என்று கோபன்ஹேகனிலிருந்து கணினியும் கையுமாக வந்தவன் அவன். “என் கணினி ஒன்பதே காலுங்குது பெரியவரே. அது நாலு செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்லுது. நீங்க யாரைக் கேட்டீங்க?”

“விரலை.”

சங்கதி இதுதான். ஊரார் பங்கு போட்டு மேட்டில் நிறுத்திய காற்றாலை சுற்றுகிற நேரம் பார்த்து, எங்கள் பெரிய மின் அடுப்பை மூட்ட வேண்டும். முந்தினால் வெளி மின்சாரம் தண்டம், பிந்தினால் வந்த காற்று தண்டம். முப்பது வருடமாக அந்த நேரத்தைச் சொல்லிவந்தவர் தோர்கில்.

எங்கள் கடற்கரைக் காற்று காலையில் சோம்பேறி. எழுந்துவிட்டாலோ, ஊரில் முடிவெட்டுகிறவள் கத்தரியைத் திறந்து பிடித்து வாசலில் நின்றால் போதும், தலைகள் தாமாகப் பறந்து வந்து சேரும்.

நிர்வாகி ஹெல்லே ஐந்து நாள் போட்டி வைத்தார். காற்றாலை எப்போது சுற்றும் என்று யார் சரியாகச் சொல்கிறார்களோ, அவர் கையில் அடுப்பு. தோற்றால் தோர்கில் வீட்டுக்குப் போகலாம்.

திங்களும் செவ்வாயும் கணினி ஜெயித்தது. செவ்வாய் இரவு தோர்கிலின் மனைவி எல்னா கரண்டியை ஓங்கிவிட்டாள். “நாள் பூரா வீட்ல உக்காந்து என் குழம்புக்கு யோசனை சொல்லப்போறியா? நான் கடல்ல குதிச்சிருவேன்யா!” கடலும் பக்கத்தில்தான்.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. புதனும் வியாழனும் விரல் ஜெயித்தது, அதுவும் நிமிஷம் பிசகாமல். ஆக, வெள்ளிக்கிழமைதான் தீர்ப்பு.

அன்றைக்குப் பார்த்து யெப்பேவுக்கு முப்பதாவது பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் எதிரிக்கும் கொடி ஏற்றுகிற ஊர் நாங்கள். முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏறியது. எட்டு மணிக்கு அது ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குத் தொழிலாளர் நாற்பது பேரும் கம்பத்தடியில் கூடிப் பாட ஆரம்பித்தோம். எங்கள் பாட்டைக் கேட்டால் கடற்காகங்கள் சுவீடனுக்குக் குடிபெயரும். மூன்றாவது சுற்றில் கொடி படாரென்று அடித்து யெப்பேவின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. குனிந்து தடவி எடுத்து மாட்டிக்கொண்டவன், நேரே மேட்டைப் பார்த்தான்.

மணி ஒன்பதே கால். காற்றாலை கல்லாக நின்றது.

“இருக்கட்டும்,” என்று கணினியை ஒரு தட்டுத் தட்டினான். “சின்னத் தாமதம்.”

“கேக் சாப்பிடு தம்பி,” என்றார் தோர்கில். “பசியோட தோக்கக் கூடாது.”

ஒன்பதரை. பத்து. கேக்கின் மேலிருந்த முப்பது குட்டிக் கொடிகளும் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. யெப்பே எதையும் கவனிக்கவில்லை. திரையைப் பார்ப்பான், காற்றாலையைப் பார்ப்பான், மறுபடி திரையைப் பார்ப்பான். முகம் எங்கள் ரஸ்க் மாதிரியே காய்ந்துகொண்டு வந்தது.

பத்தேமுக்காலுக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் தோர்கில் வீட்டுக்காரிக்குப் போன் போட்டார். “எல்னா, உருளைக்கிழங்கை அடுப்புல ஏத்திடு.”

“என்னய்யா? ஒரே இரைச்சலா இருக்கு, கத்திச் சொல்லு!”

“உருளைக்கிழங்கு! அடுப்புல!”

“இந்த நேரத்துக்கேவா உருளைக்கிழங்கு?” என்று எரிச்சலோடு கேட்டான் யெப்பே.

“எங்க ஊர்க் கிழங்கு. வேக நேரமாகும்.”

பத்து முப்பத்தொன்பது. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பத்து நாற்பது.

மேட்டில் மூன்று இறக்கைகளும் ஒரு தரம் முனகின. பிறகு கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தன. நாங்கள் போட்ட கூச்சலில் நார்வேக் கடலில் ஒரு திமிங்கலம் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

யெப்பே கணினியைப் பையில் போட்டான். போகும்போது தோர்கிலின் விரலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப மரியாதையாகப் பார்த்தான். “இதை எப்படிப் பழக்கினீங்க?”

“நக்கி நக்கித்தான்.”

ஹெல்லே கை கொடுத்தார். “அடுப்பு உங்களுக்குத்தான் தோர்கில். திங்கட்கிழமையிலிருந்து நீங்க சொல்ற நேரம்தான் கணக்கு.”

எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். தோர்கிலின் போன் அடித்தது. எல்னா இன்னும் இரைச்சலுக்குள்தான் இருந்தாள்.

“திங்கக்கிழமை காத்து ஒன்பது மணிக்கே வரட்டும்யா, காத்தாடி பிரேக்கை எடுத்துவிட்டுட்டு நான் முடிவெட்டிக்கப் போகணும்!”