குப்பை அறிக்கை

நகராட்சி அதிகாரி செம்வாங்கா திகைத்து நின்றார். குப்பை வண்டி எட்டியே பார்க்காத சேரி அது. ஆனால் சாக்கடையில் ஒரு வாழைக்காய்த் தோல்கூட இல்லை. குப்பை அள்ள வரி போடுவதா, தனியாரிடம் விடுவதா என்று மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர் அவர்.

"இது எப்படிம்மா?" என்று சப்பாத்தி சுடும் நபுகீராவிடம் கேட்டார்.

"மேட்டுல அதிகாரிங்க தெருவுக்கு மட்டும் வண்டி தவறாம வருதே ஐயா! அங்க நீல கேட் வீட்டம்மாகிட்ட கொடுத்துருவோம். மூட்டைக்கு ஐந்நூறு ஷில்லிங் வாங்கிக்கிட்டு, அவங்க வீட்டுக் குப்பையோட சேத்து ஏத்திவிட்டுருவாங்க."

"அந்தம்மா வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவருக்கு எங்க தெரியும்? மூணு வருஷமா குப்பையைப் பத்தி ஏதோ அறிக்கை எழுதிக்கிட்டே இருக்காராம்!"

அன்றே செம்வாங்கா அறிக்கையை முடித்தார்: 'தனியாரிடம் விடுவதே சாலச் சிறந்தது.'