கடைசி அத்தியாயத்தில் டைப்பிஸ்ட்

துப்பறியும் நாவலைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர் என்ற பெருமை பேராசிரியருக்கு உண்டு. ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகிற புத்தகத்துக்கெல்லாம் பாடமா என்று சக ஆசிரியர்கள் முகம் சுளித்தபோது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பாடம் நடத்துவதும் கேள்வித்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் அவர்தான். வேறு யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

வகுப்பில் அவர் ஓயாமல் சொல்வது ஒன்று. இந்த எழுத்தாளர்களிடம் சரக்கு கொஞ்சம்தான். ஒரே கதைக்குச் சட்டையை மாற்றி மாற்றி ஊர்வலம் விடுவார்கள். விவரமான வாசகன் பத்தாம் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவருடைய பரீட்சையிலேயே திருட்டு நடந்துவிட்டது.

அன்று காலை ஹால் வாசலில் ஒரு மாணவி ஏதோ ஒரு தாளை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு முத்திரையிட்ட கட்டைப் பிரித்து, கேள்வித்தாளைக் கொடுத்து முடித்த பிறகு, பொழுதுபோகாமல் அதை எடுத்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையால் எழுதிய ஏழு கேள்விகள். அவருடைய அதே ஏழு கேள்விகள், அதே வரிசையில்.

பரீட்சையை நிறுத்தினார்கள். மதியம் துறைத்தலைவியின் அறையில் விசாரணை.

பேராசிரியர் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். இப்படி ஒரு கடைசி அத்தியாயம் தன் வாழ்க்கையில் வராதா என்று எத்தனை வருடமாகக் காத்திருந்தாரோ, முகத்தில் கோபத்தைவிடக் குஷிதான் அதிகம் தெரிந்தது.

எதிரே நின்றவர் துறையின் டைப்பிஸ்ட். இருபத்தெட்டு வருட சர்வீஸ், ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம். இப்போது சஸ்பெண்ட் ஆனால் பென்ஷன் அந்தரத்தில் தொங்கும். அந்த உத்தரவு தயாராகத் துறைத்தலைவியின் மேஜையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

பேராசிரியர் தடயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ஒரு வாரம் லீவு போட்டு, மூளையைக் கசக்கி அவர் தயாரித்த கேள்விகள் இவை. அவரைத் தவிர இவற்றைப் பார்த்த ஒரே ஆள் டைப்பிஸ்ட். பிடிபட்ட தாளில் இருப்பது மாணவியின் எழுத்தல்ல. விவரம் தெரிந்த, வயதான ஒரு பெண்ணின் எழுத்து. டைப்பிஸ்ட்டுக்கு மனைவி உண்டு.

கடைசியாகத் துருப்புச்சீட்டை இறக்கினார்.

"நான் எழுதிக் குடுத்த அஞ்சாவது நிமிஷம் டைப் பண்ணிக் கொண்டுவந்து நீட்டினீங்க. ரெண்டு பக்கம். அதுக்கு முன்னாடியே ஒரு காப்பி உங்ககிட்ட இல்லாம அது எப்படிங்க முடியும்?"

டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை இத்தோட விட்டுடலாம் சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மிரட்டுகிறான், குறித்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியர். துறைத்தலைவிக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் பேனா மூடியைக் கழற்றினார்.

சாட்சிக்கு மாணவியைக் கூப்பிட்டார்கள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. பேராசிரியர் குரலைக் குழைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி கொடுத்தார்.

"பயப்படாம சொல்லும்மா. இந்தத் தாளை உனக்கு யாரு குடுத்தா?"

"எங்க அம்மா எழுதிக் குடுத்தாங்க சார்."

எழுத்துக்குச் சொந்தக்காரி கிடைத்துவிட்டாள். பேராசிரியர் துறைத்தலைவியை வெற்றியோடு பார்த்துவிட்டு மாணவியிடம் திரும்பினார்.

"அம்மாவுக்கு இந்தக் கேள்வியெல்லாம் யாரு குடுத்தா?"

அவள் டைப்பிஸ்ட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்பது போல அவர் லேசாகத் தலையை ஆட்டினார். அதையும் துறைத்தலைவி கவனித்தார். பேனா உத்தரவின் மேல் இறங்கியது.

"நீங்கதான் சார். அம்மா இங்க படிச்சப்போ இந்தப் பேப்பர்ல ரெண்டு தடவை அரியர். மூணு தடவையும் பரீட்சை ஹால்ல நீங்க குடுத்தது இதே ஏழு கேள்விதானாம்."