துக்கமணியின் நீளம்

வெடித்துப்போன மணி மாதா கோயில் வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே, கோபுரத்து ஸ்பீக்கரோடு இணைத்த கீபோட்டில் மெரீற்றா துக்கமணியைத் தயார் செய்கிறாள். செத்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி அடிப்பது இந்தக் கோயில் வழக்கம். நாலுமணி வெயில் கீபோட்டின் சின்னத் திரையில் விழுவதால் இடக்கையால் நிழல் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்துகிறாள். மணியோசை தயங்கித் தயங்கி எழுகிறது. ஓசை எழும்ப எடுக்கும் ‘அற்றாக்’ நேரத்தைச் சைபராக்கியதும் அடி பளிச்சென்று விழுகிறது. ஆனால் விரலை எடுத்த உடனே ஓசையும் அறுந்துபோகிறது.

“இது மணி இல்லைத் தங்கச்சி,” என்கிறார் செத்த வீட்டிலிருந்து வந்து நிற்கும் அஞ்சலோ. கடலால் திரும்பும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவர் இன்னும் மாற்றவில்லை. அதில் உப்புக் காய்ந்திருக்கிறது.

“‘றிலீஸ்’ எண்டு ஒண்டு இருக்கு அண்ணை. விரலை எடுத்த பிறகும் சத்தம் எவ்வளவு நேரம் நிக்க வேணும் எண்டு அதிலதான் வைக்கிறது.” நாற்பது வைக்கிறாள். ஓசை யன்னலைத் தாண்டி, இறங்குதுறை வரை போய் அடங்குகிறது. “காணுமோ?”

“இன்னும் கூட்டுங்கோ.”

எண்பது. “இன்னும்.” நூற்றிருபத்தேழில் எண் நின்றுவிடுகிறது.

“இதுக்கு மேல ஏலாது அண்ணை.”

அஞ்சலோ ஸ்பீக்கர் வயரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“என்ர மகளுக்கு நாலு அடிதானே, தங்கச்சி.”