சடையன் விட்ட சுருட்டு

மலையடிவாரத்துக் காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. வாயில் சுருட்டு இல்லாமல் அதைப் பார்ப்பது அபூர்வம். அது இருமினால் பாறைகளில் எதிரொலிக்கும். "நெஞ்சு வெந்து செத்துப்போவே" என்று மான் மிரட்டியது. அந்தப் பயத்திலேயே சடையன் இன்னொன்றைப் பற்றவைத்துக்கொண்டது.

பக்கத்து மரத்து அணில் பூவாத்தாவுக்கு மட்டும் மிரட்ட மனம் வரவில்லை. ஒருநாள் தேனடைக்காகப் பாதி மரம் ஏறிய சடையன், மூச்சிரைத்து வெறுங்கையோடு இறங்கி உட்கார்ந்தது. பூவாத்தா மெல்ல அருகே போனது.

"விட்டுடலாமே, அண்ணே?"

"மூணு தடவை விட்டுப் பார்த்தாச்சு, தங்கச்சி. என்னால முடியாது."

"எத்தனை நாள் விட்டிருந்தீங்க?"

"முதல்ல ரெண்டு நாள். அப்புறம் ஒரு வாரம். போன மழைக்கு ஒரு மாசம்."

"ஒரு மாசமா! ரெண்டு நாள் தாங்காதவரு ஒரு மாசம் தாங்கியிருக்கீங்க. இதையா முடியாதுங்கறீங்க?"

இப்படி யாரும் அதனிடம் சொன்னதில்லை. சடையன் வாயிலிருந்த சுருட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தது. பிறகு ஓடையில் எறிந்தது.

அதன்பின் வந்த நாட்கள் லேசானவை அல்ல. சடையன் மண்ணைப் பிராண்டியது, கண்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுந்தது, வேப்பங்குச்சிகளை மென்று துப்பியது. ஆனால் பற்றவைக்கவில்லை. கிளையிலிருந்து பார்த்த பூவாத்தாவுக்கு வியப்பு தாளவில்லை.

இரண்டு மாதம் கழித்து, விருந்துக்கு வந்த வெளியூர்க் கரடி ஒன்று சுருட்டை நீட்டியது. பூவாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டது.

விட்டுவிட்டேன் என்றுகூடச் சடையன் சொல்லவில்லை.

"எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதுப்பா" என்றது.