சுவரைப் பார்த்த ஸ்பீக்கர்

டிரில்லைச் சுவரில் வைத்து அழுத்திய மறுநொடியே, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் பாய்ந்து வந்தது.

"ஓட்டை கீட்டை விழுந்துச்சு, நேரா போலீஸுக்குத்தான் போவேன்!"

ஹோம் தியேட்டர் மாட்ட வந்தவன் டிரில்லை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். இடுப்பில் கை வைத்து நின்ற வீட்டுக்கார அம்மாள் மட்டும் அசையவில்லை.

"நீ போடு தம்பி. போலீஸ் வந்தா நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். அவங்களும் படம் பார்க்கட்டும்."

அம்மாள் ஓய்வு பெற்ற நர்ஸ். வார்டையே அடக்கி வைத்திருந்த அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அது ஹாலா, ஹாலில் மிஞ்சியதா என்று அவனுக்குச் சந்தேகம். சோபாவும் டிவியும் முட்டிக்கொள்ளாமல் நிற்பதே பெரிய காரியம். தரையில் பதித்திருந்த பெரிய பூவில் பாதி இதழ்கள், பூச்சு காணாத ஒற்றைச் செங்கல் சுவருக்கு அடியில் போய் மறைந்திருந்தன.

"போன வருஷம் வரைக்கும் ஒரே வீடுதான்" என்றான் சோபாவில் சாய்ந்திருந்த மகன். "அண்ணனும் நானும் பிரிச்சுக்கிட்டோம். ஃபேன் இந்தப் பக்கம், ஃபிரிட்ஜ் அந்தப் பக்கம். ஒண்ணு விடாம சரிபாதி. இப்போ போக்குவரத்தும் இல்லை, பேச்சும் இல்லை. நிம்மதியா இருக்கு."

"உனக்கு நிம்மதி. என்னை யாரு கேட்டா?" என்றாள் அம்மாள்.

மகன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

சின்ன இடத்தில் எந்த ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று மாட்ட வந்தவன் மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தான். டிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் இரண்டு, பேச்சு வருகிற ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே. எதை மாட்டினாலும் சுவரை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டினால் சத்தம் குழம்பிவிடும்.

"மத்ததை எல்லாம் எங்கே வேணாலும் வை" என்றாள் அம்மாள். " பேச்சு வர்றதை மட்டும் இந்தச் செங்கல் சுவர்ல மாட்டு. முகம் சுவரைப் பார்த்து இருக்கணும். நல்லா ஒட்டி."

"அது எப்படிம்மா? கிளாஸ்ல தப்பு பண்ணின பையன் மாதிரி திரும்பி நிக்குமே. உங்களுக்கு என்ன கேக்கும்?"

"நிக்கட்டும்."

"சரி, உட்கார்ற ஆளோட காது மட்டத்துக்காவது..."

"முட்டி உயரம் போதும். கீழே இறக்கு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே இறக்கி மாட்டினான். அடுத்து அந்தப் பெரிய பெட்டியைப் பிரித்தான். நெஞ்சு அதிர இடிக்கும் சத்தமெல்லாம் வருவது அதிலிருந்துதான்.

"அது வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போயிடு. தொம்முதொம்முனு இடிக்கிறது யாருக்கு வேணும்? பேசுறது ஒவ்வொண்ணும் தெளிவா விழணும்."

பக்கத்து வீட்டுக்காரர்களைக் கடுப்பேற்றவே செட் வாங்குகிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். அவர்கள் முதலில் கேட்பதே இந்த இடிப்பெட்டியைத்தான். சண்டையென்று இறங்கிவிட்டு ஆயுதத்தைத் திருப்பி அனுப்புகிறாளே, இந்த அம்மாளுக்கு ஒழுங்காகச் சண்டை போடக்கூடத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டான்.

அவள் ஒரு பழைய காமெடிப் படத்தைப் போட்டாள். வசனம் முழுக்கச் சுவருக்குள் போய் இறங்கியது.

டக், டக்.

அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்கள்.

"அண்ணி ஆரம்பிச்சுட்டாங்க. குறைம்மா" என்றான் மகன்.

அவள் கூட்டினாள்.

டக், டக்.

இன்னும் கூட்டினாள். சுவருக்கு அப்பால் அதே பெண் குரல் வெடித்தது. "அங்கே இருக்கிறவங்களுக்குக் காது செவிடா?"

"எனக்கு இல்லை" என்றாள் அம்மாள், ரிமோட்டை அழுத்தியபடியே.

மகன் எழுந்து நின்றான். "தெருவே கேக்குது. என் மானம் போகுதும்மா."

"வீட்டுக்கு நடுவுல சுவர் வெச்சப்போ போகாத மானமா இப்போ போயிடப்போகுது? கதவைச் சாத்திட்டுப் போ."

அவன் கதவை ஓங்கி அறைந்துவிட்டுப் போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டக்.

இந்தத் தடவை ஒன்றே ஒன்று. அவள் கட்டைவிரல் அப்படியே நின்றது. ரிமோட்டைக் கீழே வைத்தாள். சோபாவுக்குப் போகாமல், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். டிவி அவளுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை.

அவன் கருவிகளைப் பையில் போட்டான். மனசு கேட்கவில்லை.

"தட்டித் தட்டிப் பார்த்து அலுத்துட்டாங்க போல. ஏம்மா, பாவம், நீங்க கொஞ்சம் குறைச்சிருக்கலாம்ல?"

"ரெண்டு தட்டினா சத்தம் பத்தலைன்னு அர்த்தம் தம்பி. ஒண்ணு தட்டினா போதும்னு அர்த்தம்."

படத்தில் யாரோ வழுக்கி விழுந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், முட்டி உயரத்திலிருந்து, இருமலும் சிரிப்புமாக ஒரு வயதான ஆண் குரல் கேட்டது. அம்மாளும் கூடவே சிரித்தாள்.

அவன் பையை மூடாமல் நின்றான். "யாரும்மா அது?"

"அதான் எல்லாத்தையும் பிரிச்சாங்களே. நான் இந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம்."